மூணு சுழி ண

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. தென்காசியில இருந்து குற்றாலம் போயி ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கணும்.

ஒரு பக்கம்தான். ஒம்பது வரி.

கல்யாணப் பத்திரிகை. யாரு கல்யாணம்னு கேக்கியளா? என் கல்யாணம்தான். அடுத்தவன் கல்யாணத்தக் கெடுக்கக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டது கிடையாது.

எண்பதுகளோட கடைசி அது. தென்காசியில ஒரு பாத்திரக்கடைக்கு மேல, மாடியில, ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கன நான் மாஸ்டர். மொத்தமே ஒரு கம்ப்யூட்டர்தான். படிக்க வாரவங்க செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும்னு ஒரு சட்டம் போட்டிருந்தேன். எதுக்குன்னு எனக்கே தெரியாது. ஆனா மரியாதை கெடச்சிச்சு.

பொண்ணு குத்துக்கல்வலசை. பேரு ராணி. அவ அப்பா சண்முகம் அண்ணாச்சி, ரயில்வேல பார்சல் ஆபீஸ்ல முப்பது வருசம் இருந்து ரிடையர் ஆனவரு. வாழ்க்கை பூரா மூட்டை மேல ஒட்டுன அட்ரஸ எழுத்தெழுத்தா வாசிச்சவரு. மனுசன் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலயும் ரெண்டு இருமல் இருமுவாரு. ரயில் கெளம்புறதுக்கு முன்னால விசில் ஊதுத மாதிரி.

பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே ஆரம்பிச்சாரு.

"க்கும், க்கும். கம்ப்யூட்டர் வேலைன்னா என்ன வேலைவே?"

"எழுத்து அடிக்கது மாமா."

"டைப்பிங்கா?"

"இல்ல மாமா, அதுக்கும் மேல."

"மேலன்னா?"

"மாடியில."

இந்தப் பதிலுக்கே அவரு எந்திரிச்சுப் போயிருக்கணும். ராணி உள்ள இருந்து சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. அதுல நின்னது சம்பந்தம்.

ஆனா மாமாவுக்கு சந்தேகம் தீரல. "பத்திரிகைய அச்சாபீஸ்ல குடுப்போம்"ன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கல.

"எதுக்கு மாமா அச்சாபீஸு? முதல் பத்திரிகைய நானே கம்ப்யூட்டர்ல அடிக்கேன். அத அப்படியே அச்சுக்கட்டையா பிளாக் எடுத்து மத்தத அடிச்சுக்கிடலாம். இந்த ஜில்லாவுலயே மொத கம்ப்யூட்டர் பத்திரிகை நம்மளுதுதான்."

மாமா ரெண்டு தடவ இருமுனாரு.

"சரி. முதல் பத்திரிகை பண்பொழி மலைக்கோயில்ல முருகனுக்கு வைக்கணும். ஆனி கடைசி முகூர்த்தம், பகல் பன்னெண்டுக்குள்ள. அத விட்டா ஆடி. ஆடியில பத்திரிகை வைக்கப்படாது. ஒரு எழுத்து தப்பா வந்துச்சுன்னாலும், ஆடி கழிச்சு யோசிப்போம்."

வெளியூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எங்க பக்கம் பொண்ணு வீட்டுக்காரரு 'யோசிப்போம்'னு சொன்னா அவரு யோசிச்சு முடிச்சிட்டாருன்னு அர்த்தம்.

இப்ப விசயத்துக்கு வாரேன்.

இப்போ நீங்க போன்ல விரலால தடவுனா தமிழ் கொட்டுது. அப்ப அப்படி இல்ல. தமிழுக்குன்னு ஒரு ஃபாண்ட் ஃபைல், அது ஒரு ஃபிளாப்பியில வரும். அதுக்குள்ள வரிசையா பெட்டி பெட்டியா இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பரு. ஒரு பெட்டிக்குள்ள ஒரு எழுத்து, புள்ளிக்கோலம் மாதிரி புள்ளி புள்ளியா குத்தி வச்சிருப்பான். நீங்க 'க' அடிச்சா, கம்ப்யூட்டரு க-வோட நம்பருக்குப் போயி, கதவத் தட்டி, உள்ள இருக்கிற கோலத்தத் தூக்கிட்டு வரும். அம்புட்டுதான் அதோட அறிவு.

அதுலயும் ரெண்டு ஃபைல். ஸ்கிரீனுக்கு ஒண்ணு, பிரிண்டருக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் பேரு ஒரே பேருதான். பேருக்குப் பின்னால புள்ளி வச்சி மூணு எழுத்து வரும்லா, அந்த வாலு மட்டும் வேற.

இந்த வால் விசயம் எனக்கு நல்லாத் தெரியும். பசங்களுக்கு போர்டுல எழுதிப் போட்டு, வராதவன முட்டி போட வச்சவன் நான்.

பிரிண்டர் ஃபைல்ல ஒரு கோளாறு. மூணு சுழி ண-வுல நடுச்சுழி ஒட்டிப்போயி, ரெண்டு சுழி ன மாதிரியே வரும். மணமகன்னு அடிச்சா மனமகன்னு வரும். மாமா கண்ணுல பட்டா பார்சல் பண்ணி அனுப்பிருவாரு.

முந்தின நாள் சாயங்காலம் உக்காந்தேன். ண-வோட பெட்டியத் தொறந்தேன். புள்ளிய அழிச்சு அழிச்சு மூணு சுழி போட்டேன்.

பெட்டி பத்தல!

அந்தப் பெட்டிக்கு அகலம் அவ்வளவுதான். மூணாவது சுழி வெளிய தொங்குது. அக்கம்பக்கம் பாத்தேன். ட-வோட பெட்டி. நல்ல விசாலம். ட-வுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு? ஒரு சுவரு, ஒரு தரை. அதானவே ட!

ட-வத் தூக்கி ண வீட்டுலயும், ண-வத் தூக்கி ட வீட்டுலயும் குடிவச்சேன். ண கால நீட்டிப் படுத்துச்சு. மூணு சுழியும் முத்து முத்தா இருந்துச்சு.

என் முதுக நானே தட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

வீட்ட மாத்துனவன் போஸ்ட்மேன்ட்ட சொல்லணுமா வேண்டாமா? சொல்லல.

எங்க சென்டர்ல பிரிண்டர் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. அதான் குற்றாலம். அங்கன ஒரு லாட்ஜ்ல என் கூடப் படிச்ச ஜோசப்பு ரிசப்ஷன்ல இருந்தான். சீசனுக்கு வாரவங்க அசரணும்னு அந்த லாட்ஜ் முதலாளி ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி, கண்ணாடி ரூம்ல வச்சிருந்தாரு. அருவியில குளிச்சிட்டு, எண்ணெயும் துண்டுமா வந்து, எல்லாரும் கண்ணாடியில மூக்க ஒட்டிப் பாப்பாங்க. அதுக்கு அதுதான் வேலை.

காலையில பத்து மணிக்குப் போயிட்டேன். வெளிய சாரல். எங்க அம்மாவும் அப்பாவும் அதுக்கு முன்னாலயே பஸ் ஏறி மலைக்கோயிலுக்குப் போயிட்டாங்க. மாமா டாக்சி பிடிச்சு குடும்பத்தோட வந்து என்னைய லாட்ஜ்ல ஏத்திக்கிடுவாருன்னு ஏற்பாடு.

ரெண்டு ஃபிளாப்பி. ஒண்ணுல பத்திரிகை, ஒண்ணுல ஃபாண்ட். மேல உள்ள டிரைவுல பத்திரிகையச் செருகினேன், கீழ உள்ளதுல ஃபாண்டச் செருகினேன்.

ஸ்கிரீன்ல பத்திரிகை வந்துச்சு. அச்சுல வார்த்த மாதிரி இருக்கு! ஒரு பிழை கிடையாது. மூணு தடவ வாசிச்சேன்.

"அடி ஜோசப்பு பிரிண்ட்ட!"

ஜோசப்பு பட்டனத் தட்டுனான். க்ரீஈஈச்... க்ரீஈஈச்... தகரத்துல ஆணிய வச்சிக் கீறுத மாதிரி ஒரு சத்தம். கண்ணாடிக்கு வெளிய ஈரத்துண்டு கட்டிக்கிட்டு ஆறு பேரு கை தட்டுதாங்க. நான் அவங்களப் பாத்து லேசா தலையக் குனிஞ்சேன்.

ஜோசப்பு பேப்பரக் குனிஞ்சு வாசிச்சான். வாசிச்சிட்டு என்னையப் பாத்தான். மறுபடி வாசிச்சான்.

"ஏலே பாண்டி. உன்னப் பத்தி இதுக்கு எப்படிலே தெரிஞ்சிச்சு?"

"என்னது?"

"மடமகன்னு போட்டிருக்கு."

பிடுங்கிப் பாத்தேன்.

மடமகன் செல்வபாட்டி.

என் பேரு செல்வபாண்டி. என் வயசு அப்ப இருபத்தாறு. நான் எவளுக்கும் பாட்டி கிடையாது.

மேல போகப் போக நல்லா இருந்துச்சு. 'நிகழும் ஆவடி மாதம், காலை ஒன்பது மடிக்கு, குத்துக்கல்வலசை சட்முகம் அவர்கள் மகள் மடமகள் ராடிக்கும், தென்காசி மடமகன் செல்வபாட்டிக்கும் திருமடம், கல்யாட மட்ணபத்தில் நணைபெறும். மடமக்களை வாழ்த்த வருமாறு வேட்டுகிறோம்.'

வேட்டுகிறோம்! வெடி வச்சிக் கூப்பிடுதோம்!

திரும்பி ஸ்கிரீனப் பாத்தேன். மணமகன். பேப்பரப் பாத்தேன். மடமகன். ஸ்கிரீன், பேப்பர். ஸ்கிரீன், பேப்பர். கண்ணாடிக்கு வெளிய நின்னவங்க தலையும் என் தலை கூடவே திரும்புது.

அப்பதான் ஒறைச்சுது. கம்ப்யூட்டரு ண-வத் தேடி பழைய வீட்டுக்குப் போயி கதவத் தட்டியிருக்கு. உள்ள இருந்து ட எட்டிப் பாத்திருக்கு. ஸ்கிரீன் ஃபைல்ல நான் கை வைக்கல, அதனால அங்க எல்லாம் சரி. டி, டு ரெண்டுக்கும் தனி வீடு, அதனால அதுக தப்பிச்சிக்கிட்டு. அப்படித்தான் பாண்டி பாட்டி ஆயிட்டான்.

ஜோசப்பு கேட்டான், "உங்க மாமா பாத்தா என்ன சொல்லுவாருலே?"

நான் ஒரு கிறுக்கன். இந்த மாதிரி நேரத்துலதான் எனக்கு அடுத்தவன் குரல் பிச்சிக்கிட்டு வரும். தோள நிமித்தி, நாடிய உள்ள இழுத்து, மாமா மாதிரியே ஆரம்பிச்சேன்.

"க்கும், க்கும். என்னவே இது? கல்யாணத்துக்குப் பதிலா மடத்துல சேரப் போறீரா? க்கும். சரக்கு சேதாரமா இருக்கே! திருப்பி அனுப்பும்வே! க்கும், க்கும், க்கும்!"

ஜோசப்பு சிரிக்கல. என் தோளுக்கு மேல என்னத்தையோ பாத்துக்கிட்டு நிக்கான்.

பின்னால இருந்து ஒரு இருமல். அது என்னோடது இல்ல.

"நல்லா இருக்கு மாப்ள. ஆனா நான் மூணு தடவ இரும மாட்டேன். ரெண்டுதான்."

மாமா. பக்கத்துல ராணி, பட்டுச்சேலையில, கொடைய மடக்கிக்கிட்டு. அத்தை தாம்பாளத்த மடியில வச்சிக்கிட்டு டாக்சியிலயே இருக்காங்க. மணி பத்தே முக்கால்.

மாமா கைய நீட்டுனாரு. நான் பேப்பரக் குடுக்க முடியல, அது பிரிண்டரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அப்பல்லாம் தனித்தனித் தாள் கிடையாது. ஒண்ணோட ஒண்ணு சேந்து, மடிச்சு மடிச்சு, பாம்பு மாதிரி நீளமா வரும். ரெண்டு ஓரத்துலயும் வரிசையா ஓட்டை.

மாமா குனிஞ்சு வாசிச்சாரு. எழுத்தெழுத்தா. விரல வச்சி.

"க்கும், க்கும். ஆவடி."

"ஆவணி மாமா."

"ஆவடின்னு போட்டிருக்கு. ஆவடிக்கு முப்பது வருசம் பார்சல் ஏத்துனவன் நான். கல்யாணம் இங்கயா, மெட்ராஸ் பக்கமா?"

"இங்கதான் மாமா."

"சட்முகம் யாருவே?"

அவரே அந்த எடத்துல விரல வச்சித் தட்டுனாரு.

"மூஞ்சிய சட்டியாக்கிட்டீரே. சரி, நம்ம மூஞ்சி அப்படி. எம் புள்ள என்ன பாவம் பண்ணிச்சு? ராடியா? வாடி, போடி, ராடியா?"

ராணி கொடையப் பாத்துக்கிட்டே நிக்கா. தோள் மட்டும் குலுங்குது. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல. அப்ப ரெண்டும் எனக்கு ஒரே பயம்தான்.

"அஞ்சே நிமிசம் மாமா. ஒரு எழுத்துதான் மாறிப்போச்சு."

"ஒரு எழுத்து மாறுனா மூட்டை கொல்லத்துக்குப் போயிரும். தெரியும்லா?"

"தெரியும் மாமா."

"போச்சுன்னா, ஆடி கழிச்சு யோசிப்போம்."

சொல்லிட்டாரு. ராணி குலுங்குதத நிறுத்திட்டா. நிமுந்து என்னையப் பாத்தா. அந்தப் பார்வைக்கு ஃபாண்டே வேண்டாம், நேரா வாசிக்கலாம். இதையும் கெடுத்துராதீங்கன்னு.

உக்காந்தேன். மூளை வேகமா ஓடுச்சு. ஃபாண்ட் ஃபைலத் திருத்த நேரம் இல்ல. ஆனா பத்திரிகையத் திருத்தலாம்! எங்க ண இருக்கோ அங்க ட அடிப்போம். எங்க ட இருக்கோ அங்க ண அடிப்போம். பிரிண்டரு மாத்திப் போடும், எல்லாம் நேரா வந்திரும்!

எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்க.

டக்கு டக்குன்னு அடிக்க ஆரம்பிச்சேன். மாமா வந்து பின்னால நின்னுக்கிட்டாரு.

ஸ்கிரீன்ல 'மணமக்களை'ய அழிச்சேன். 'மடமக்களை'ன்னு அடிச்சேன்.

"ஏ!"ன்னு ஒரு சத்தம். "இவரு வேணும்னே அடிக்காரு! நான் கண்ணால பாத்தேன்!"

"இல்ல மாமா. இங்க தப்பா அடிச்சாத்தான் அங்க சரியா வரும்."

"இங்க சரியா அடிச்சா?"

"அங்க தப்பா வரும்."

மாமா கொஞ்ச நேரம் ஸ்கிரீனப் பாத்தாரு. அப்புறம் மகளப் பாத்தாரு.

"ஏட்டி ராணி. இதுதான் அந்த மாடி வேலையா?"

நான் காதுல வாங்காம அடிச்சேன். சண்முகத்தச் சட்முகமாக்குனேன், ராணிய ராடியாக்குனேன், என்னைய நானே பாட்டியாக்கிக்கிட்டேன். கண்ணாடிக்கு வெளிய கூட்டம் கூடிப்போச்சு. ஒருத்தரு தலையில எண்ணெய் வடிய வடிய நின்னு வாசிச்சிட்டு, பக்கத்துல உள்ளவருட்ட "மடமக்களாம்லா"ங்காரு.

முடிச்சேன். "இப்ப பாருங்க மாமா"ன்னு பட்டனத் தட்டினேன்.

க்ரீஈஈச்... க்ரீஈஈச்...

மடமகன் செல்வபாட்டி.

மாமா இருமவே இல்ல. அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

"எப்படிலே வரும்? வராதே! வரவே கூடாதே!"ன்னு நான் பிரிண்டரப் போட்டு உலுக்குதேன். ஜோசப்பு அத மெதுவா என் கையில இருந்து விடுவிச்சான். முதலாளியோட பொருளாச்சே.

அப்பதான் ராணி முதத் தடவையா வாயத் தொறந்தா. ஜோசப்பப் பாத்துக் கேட்டா.

"அண்ணே, அவுக அடிச்சிக்கிட்டு இருக்கையில நீங்க கீழ குனிஞ்சு என்னத்தையோ மாத்துனியளே. என்னது?"

ஜோசப்பு முகமெல்லாம் பெருமை. "ஃபாண்ட் ஃபிளாப்பிதான் தங்கச்சி. இவன் திருத்துனதுல எதோ கோளாறுன்னு தெரிஞ்சிச்சு. என்ட்ட பழைய ஒரிஜினல் இருந்துச்சு. அத எடுத்துப் போட்டுட்டேன். சத்தமே இல்லாம!"

சத்தமே இல்லாம!

ராணி விரல மடக்கி எதோ கணக்குப் போட்டா. அவ தமிழ் டைப்ரைட்டிங் பரிச்சை பாஸ் பண்ணவ. எனக்கு அதுவரைக்கும் அது ஒரு விசயமாவே தெரியல.

"அவுக எழுத்த மாத்தி அடிச்சிட்டாக. நீங்க ஃபிளாப்பிய மாத்தி நேராக்கிட்டிய. ரெண்டு பேரும் திருத்துனா பழைய தப்புதான வரும்?"

நானும் ஜோசப்பும் ஒருத்தன ஒருத்தன் பாத்தோம்.

"யாராவது ஒருத்தர் திருத்தாம சும்மா இருங்களேன்"ன்னா.

ஜோசப்பு அவனோட ஃபிளாப்பிய உருவிட்டு என் ஃபிளாப்பியச் செருகினான். ராணியே வந்து பட்டனத் தட்டுனா.

க்ரீஈஈச்...

நிகழும் ஆவணி மாதம். சண்முகம் அவர்கள் மகள் ராணிக்கும், செல்வபாண்டிக்கும். திருமணம்! கல்யாண மண்டபம்! வேண்டுகிறோம்!

கண்ணாடிக்கு வெளிய விசில் அடிக்காங்க.

மாமா விரல வச்சி ஒம்பது வரியையும் வாசிச்சாரு. ரெண்டு தடவ. மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு மூணாவது தடவ.

"க்கும், க்கும். ண-வுல மூணு சுழியும் தெளிவா இருக்குவே."

எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. என் உழைப்பப் பாத்துச் சொன்ன ஒரே மனுசன்.

மணி பதினொண்ணே கால். பேப்பர உருவி, முன்னால ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு தப்புப் பக்கத்தையும் கிழிக்கக் கையக் கொண்டு போனேன். பக்கம் சேருத எடம் ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும், லேசா இழுத்தாப் போதும், கிழிஞ்சிரும்.

"ஏ! ஏ! நிறுத்தும்வே!"

மாமா என் மணிக்கட்டப் பிடிச்சிட்டாரு.

"கல்யாணப் பத்திரிகையக் கிழிக்கதா? சாமிக்கு வைக்கப் போற பத்திரிகைய, என் கண்ணு முன்னால, டர்ருன்னு கிழிக்கப் போறீரா? வெளங்குமா?"

"மாமா, இது தப்புப் பக்கம்."

"பேரு இருக்கா?"

"தப்புப் பேரு மாமா."

"மாப்ள பேரு, பொண்ணு பேரு சேந்து இருந்தா அது பத்திரிகை. கிழிச்சா அபசகுனம். மடியும் அப்படியே. நல்ல பக்கம் மேல இருக்கட்டும். முருகன் மேல உள்ளதப் பாத்துக்கிடுவாரு."

ராணியப் பாத்தேன். அவ தோளத் தூக்கிக் காட்டிட்டா. ஜோசப்பு கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு வந்தான். மாமா பாத்த பார்வையில அத எடுத்த எடத்துலயே கொண்டு போய் வச்சிட்டான்.

மடிச்சோம். மூணு பக்கமும் ஒரு கட்டா. நல்ல பக்கம் மேல. மாமாவே நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினாரு. "ஓரத்துல என்னவே இவ்வளவு ஓட்டை? பூச்சி அரிச்சிருக்கா?"ன்னு கேட்டாரு. பிரிண்டர் பல்லுல மாட்டுததுக்குன்னு வெளக்குனேன். "பல்லு வேற இருக்கா"ன்னுட்டு டாக்சியில ஏறிட்டாரு.

பண்பொழி மலை ஏறி மேல போகும்போது மணி பன்னெண்டுக்குப் பத்து நிமிசம். மாமா படி ஏறுன வேகத்தப் பாத்தா ரிடையர் ஆனவரு மாதிரியே இல்ல. எங்க அப்பாவும் அம்மாவும் சன்னதியில எடம் பிடிச்சி நிக்காங்க. ஆனி கடைசி முகூர்த்தம், நல்ல கூட்டம். எங்கள மாதிரி தாம்பாளத்தோட இன்னும் நாலு குடும்பம்.

அர்ச்சகர் தாம்பாளத்த வாங்குனாரு. முருகன் பாதத்துல வச்சாரு. சூடம் காட்டுனாரு. எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிட்டோம். முடிஞ்சிச்சு! நான் மூச்ச விட்டேன்.

அப்ப அர்ச்சகர் கேட்டாரு, "பேரு நட்சத்திரம் சொல்லுங்கோ. சங்கல்பம் பண்ணிடறேன்."

மாமாவுக்குப் பெருமை தாங்கல. ரெண்டு இருமல் இருமிட்டுச் சொன்னாரு.

"எல்லாம் அதுலயே இருக்கு சாமி. எடுத்து வாசிங்க. மாப்ள கம்ப்யூட்டர்ல அடிச்சது. இந்த ஜில்லாவுலயே மொத பத்திரிகை."

நான் "மாமா..."ன்னேன். குரல் வெளிய வரல. ஊருல எல்லாரு குரலும் எனக்கு வரும். அன்னைக்கு என் குரல் வரல.

அர்ச்சகர் கட்ட எடுத்தாரு. ஒரு நுனியப் பிடிச்சித் தூக்குனாரு.

நல்ல பக்கத்து நுனிய இல்ல.

சரசரசரன்னு பேப்பரு விரிஞ்சு, மூணு பக்கமும் நீளமா இறங்கி, சன்னதிப் படியத் தொட்டு நின்னுச்சு. கூட்டம் "ஓ"ன்னிச்சு. கையில இருந்தது முதப் பக்கம். அர்ச்சகரு நல்ல கம்பீரமான குரலு. மந்திரம் சொல்லுத ராகத்துலயே எடுத்தாரு பாருங்க.

"நிகழும் ஆவடீஈஈ மாதம்... சட்முகம் அவர்கள் மகள்... மடமகள்... ராடிக்கும்..."

கொஞ்சம் நிறுத்துனாரு. கண்ணச் சுருக்கிப் பாத்தாரு. ஆனாலும் விடல. எழுதியிருக்கதத்தான வாசிக்கணும்?

"மடமகன்... செல்வ... பாட்டிக்கும்... திருமடம்..."

சன்னதி பூரா சிரிப்பு. ஒரு அம்மா சிரிச்ச சிரிப்புல தேங்காயக் கீழ போட்டுட்டாங்க, அது படி எறங்கி ஓடுது. எங்க அப்பா மெதுவா ஒரு தூணுக்குப் பின்னால போயிட்டாரு. எங்க அம்மா அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம்.

மாமா முகத்துல ரத்தம் ஏறிப்போச்சு. என்னையப் பாக்கல. நேரா அர்ச்சகரப் பாத்து, தாழ்ந்த குரல்ல, இருமாமச் சொன்னாரு.

"சாமி. அத இங்க குடுத்துருங்க."

"எதுக்கு?"

"வேண்டாம். நாங்க ஆடி கழிச்சு..."

ராணி கை வெரலு அவ சேலை நுனியப் போட்டு முறுக்குது.

அர்ச்சகர் பேப்பர பத்திரமா மடிச்சாரு. அவருக்கென்ன, நிதானமா மடிச்சாரு. மறுபடி முருகன் பாதத்துலயே வச்சாரு.

"வச்சாச்சே. பாதத்துல வச்சதத் திருப்பி எடுக்கப்படாது."

"தப்புத் தப்பா இருக்கு சாமி!"

"இருக்கட்டுமே. அவர் வாங்கிண்டார். இனிமே நீங்க நிறுத்தினா அது அவர அவமதிச்ச மாதிரி ஆயிடும். பன்னெண்டு ஆகப் போறது, நடை சாத்தணும். அடுத்தவா வாங்கோ."

மாமா அப்படியே நின்னாரு. முருகனப் பாத்தாரு. பேப்பரப் பாத்தாரு. முருகனயே ஒரு மாதிரி முறைச்சுப் பாத்தாரு.

அப்புறம், "க்கும், க்கும்."

அந்த இருமல் மாதிரி இனிமையான சத்தம் ஒண்ண நான் அதுவரைக்கும் கேட்டதில்ல.

"டெலிவரி ஆயிட்டு. கையெழுத்தும் வாங்கியாச்சு. இனி என்ன செய்ய"ன்னாரு. திருநீறப் பூசிக்கிட்டு இறங்க ஆரம்பிச்சிட்டாரு.

படி இறங்கும்போது ராணி எனக்கு ரெண்டு படி பின்னால வந்தா. கூட்டம் கொஞ்சம் விலகுனதும் மெதுவா கேட்டா.

"நீங்க மடமகன். அது இப்ப சாமி வரைக்கும் தெரிஞ்சு போச்சு. என்னைய எதுக்கு மடமகள்னு போட்டிய?"

"ஒரே ஃபைல்லா ராணி. ஒருத்தருக்கு மட்டும் மாத்த முடியாது."

அவ நாலு படி எண்ணி இறங்குனா.

"அதுவும் சரிதான். உங்களக் கட்டிக்கிடுதேன்னு தலையாட்டுனவ நான்தான"ன்னா.

மத்த பத்திரிகைய மாமா அச்சாபீஸ்லயே அடிச்சாரு. கல்யாணம் ஆவணியில நடந்துச்சு. இந்த ஃபாண்ட் விசயத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: தப்பா அடிச்சாலும் பரவாயில்ல, திருப்பி எடுக்க முடியாத எடத்துல கொண்டு வச்சிரணும்.